நீரில் நழுவும் எழுத்து

பழைய தையல் இயந்திரம் எந்த வீட்டிலாவது இருந்தால், அதன் கரிய உடலை ஒருமுறை உற்றுப் பாருங்கள். பொன்னிறப் பூவும் கொடியும், நடுவே கம்பெனியின் பெயரும் துலங்கும். தேர்ந்த ஓவியன் தூரிகையால் தீட்டியதுபோல் தோன்றும். ஆனால் அதை எவரும் தீட்டவில்லை. காகிதத்தில் அச்சிட்டு, அக்காகிதத்திலிருந்து நழுவவிட்டு, இரும்பின்மேல் படியவைத்த அச்சு அது. நம் பாட்டனார் காலத்துச் சைக்கிள்களின் சட்டத்தில் மின்னிய பெயர்களும் அத்தகையனவே.

இதனை ஆங்கிலத்தில் டெகால் என்பர். படியெடுத்தல் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர். நம் பக்கத்துச் சைக்கிள் கடைக்காரர்கள் 'டிரான்ஸ்பர்' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். இக்கட்டுரையில் நான் 'ஒட்டெழுத்து' என்று எழுதுகிறேன். இதனினும் நல்ல சொல் தோன்றினால் மன்றத்து நண்பர்கள் தெரிவிக்கலாம், சண்டைக்கு வரமாட்டேன்.

இரசாயனம் பயிலும் ஒருவன் ஒட்டெழுத்தைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்பீர்கள். சென்ற கோடை விடுமுறையில், ஏழு சிறிய மாதிரி கூட்ஸ் வேகன்களுக்கு எழுத்து ஒட்டும் வேலை எனக்கு வாய்த்தது. கையிலிருந்ததோ முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரே ஒரு தாள். அது கெட்டால் வேறு தாள் உலகத்தில் கிடையாது. அந்த வேலையில் நான் கற்றதையும், கற்பதற்கு முன் கெடுத்ததையும் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ராமகுப்பம். சித்தூர் மாவட்டத்தில், குப்பத்தை அடுத்த ஊர். ரயிலைக் காண வேண்டுமானால் குப்பத்துக்குத்தான் போகவேண்டும். ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் அந்த அகலப்பாதையை 1864-ஆம் ஆண்டில் திறந்தது சென்னை ரயில்வே என்னும் கம்பெனி. 1908-இல் அது மதராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வே ஆயிற்று. 1951-இல் தென்னக ரயில்வே. 2003-இல் தென்மேற்கு ரயில்வே. பாதை ஒன்றுதான், அதற்குரிய எழுத்துக்கள் மட்டும் மூன்று முறை மாறின. ஒரு பழைய வேகனின் பக்கத்தில் எழுதியிருப்பதைக் கொண்டே அது எக்காலத்தது என்று ரயில்வேக்காரர்கள் சொல்லிவிடுவதில் வியப்பில்லை.

என் தாத்தா, அதாவது அம்மாவின் தகப்பனார், அத்தகைய ஒருவர். குடியாத்தத்துக்காரர். ரயில்வேயில் கலாசியாகச் சேர்ந்து, பெயிண்டராக உயர்ந்து, மாற்றலில் பாகாலாவுக்கு வந்தவர். ஓய்வு பெற்ற பின்னரும் ஊர் திரும்பவில்லை. மகளைக் கட்டிக்கொடுத்த ராமகுப்பத்திலேயே தங்கிவிட்டார். நான் பள்ளியில் படித்தது தெலுங்கு. தமிழ் எழுத்தை எனக்குக் காட்டியவர் தாத்தாதான். சிலேட்டில் 'அ' போட்டுக் கொடுக்கும்போதுகூட, ஸ்டென்சில் வெட்டுபவர்போலச் சுழியை அளந்து அளந்து போடுவார்.

பாகாலா அந்நாளில் மீட்டர் கேஜ் சந்திப்பு. காட்பாடியிலிருந்து வரும் பாதை அங்கே பிரிந்து, ஒன்று திருப்பதிக்கும் மற்றொன்று தர்மாவரத்துக்கும் செல்லும். பழுதான வேகன்களை ஒதுக்கி நிறுத்தும் தடத்துக்குச் 'சிக் லைன்' என்று பெயர். நோயாளிகள் படுத்திருக்கும் இடம் என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே பலகை மாற்றிய வேகன்களுக்கு மறுபடி எழுத்துப் போடுவது தாத்தாவின் வேலை. தகரத்தில் வெட்டிய ஸ்டென்சில், ஒரு தட்டையான பிரஷ், வெள்ளைப் பெயிண்டு. அவ்வளவே கருவிகள்.

வேகனின்மேல் எழுதுவது அழகுக்காக அன்று. எந்த ரயில்வேக்கு உடைமை என்பதைக் காட்டும் எழுத்து, வேகனின் எண், காலி எடை, ஏற்றக்கூடிய பாரம், கடைசியாகப் பட்டறையில் முழுப் பழுது பார்த்த தேதி ஆகிய அனைத்தும் இருந்தாக வேண்டும். காலி எடையைத் தவறாக எழுதினால் சரக்கின் எடை தவறும். சரக்கின் எடை தவறினால் கட்டணம் தவறும். பட்டறைத் தேதி அழிந்தால், அச்சையும் பிரேக்கையும் எப்போது பார்த்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. இப்போது வேகன் எண்கள் பதினோரு இலக்கம் கொண்டவை. முதலிரண்டு வேகனின் வகை, அடுத்த இரண்டு உடைமையாளர், அடுத்த இரண்டு செய்த ஆண்டு, பின்னர் நான்கு இலக்கத் தனி எண். பதினோராவது சோதனை இலக்கம். இரட்டை இடங்களிலுள்ள இலக்கங்களைக் கூட்டி மூன்றால் பெருக்கி, ஒற்றை இடங்களில் உள்ளவற்றின் கூட்டுத்தொகையைச் சேர்த்து, அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால் அந்த இலக்கம் வந்துவிடும். 3107051234 என்று ஒரு கற்பனை எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இரட்டை இடங்கள் 19; மூன்று மடங்கு 57. ஒற்றை இடங்கள் 7. ஆக 64. எழுபதுக்கு 6 குறைகிறது. ஆகவே சோதனை இலக்கம் 6. எழுதுபவன் ஓர் இலக்கத்தை மாற்றிப் போட்டால் கணக்கு அவனைக் காட்டிக்கொடுத்துவிடும். தாத்தாவின் காலத்தில் இந்த வசதி கிடையாது. பெயிண்டரின் கவனம் ஒன்றுதான் சோதனை இலக்கம்.

நிற்க. அந்த மீட்டர் கேஜ் பாதைகள் இன்று அகலப்பாதைகளாகிவிட்டன. அவற்றில் ஓடிய வேகன்கள் அங்கே இல்லை. அதை முன்கூட்டியே உணர்ந்தவர்போலத் தாத்தா, பணியில் இருந்தபோதே தேயிலைப் பெட்டிப் பலகையாலும் தகரத்தாலும் ஒன்பது சிறு வேகன்கள் செய்து வைத்திருந்தார். சென்னையிலிருந்து உறவினர் ஒருவர் கொண்டுவந்த விளையாட்டு ரயிலின் தண்டவாளம் 16.5 மி.மீ. அகலம். மீட்டர் கேஜ் என்பது 1,000 மி.மீ. ஆயிரத்தைப் பதினாறரையால் வகுத்தால் அறுபது சொச்சம். எனவே எல்லா அளவையும் அறுபதில் ஒரு பங்காக்கினார். கணிதம் படிக்காதவர், ஆனால் இக்கணக்கில் அவர் பிழைசெய்ததாக நான் கண்டதில்லை.

எழுத்துத்தான் சிக்கல். பாகாலாவில் அவர் பயன்படுத்திய ஸ்டென்சில் ஆறு அங்குலம், அதாவது சுமார் 15 செ.மீ. அறுபதில் ஒரு பங்கு இரண்டரை மி.மீ. ஆகிறது. அதைப் பிரஷ்ஷால் எழுத முடியாது. ஆகவே தம் ஸ்டென்சில்களையே அளவெடுத்துப் பெரிதாக வரைந்து, சென்னையில் சைக்கிள் டிரான்ஸ்பர் அச்சிடும் ஓரிடத்தில் கொடுத்து, சிறிதாக்கி, வெள்ளை மையில் ஒரு தாள் அச்சிட்டு வாங்கினார். இரண்டு வேகன்களுக்கு ஒட்டினார். மீதியை ஓய்வு பெற்றபின் பார்த்துக்கொள்ளலாம் என்று டிரங்குப் பெட்டியில் வைத்தார். ஓய்வும் வந்தது, கூடவே கை நடுக்கமும் வந்தது.

சென்ற சித்திரையில் அப்பெட்டியைத் திறந்து தாளை என்னிடம் நீட்டினார். "ஏம்பா, நீ கெமிஸ்ட்ரிதானே படிக்கிற? இதை ஒட்டிக் குடு. கண்ணு தெரியறப்பவே நம்பரைப் படிச்சுப் பாத்துடறேன்."

புதிதாக அச்சிட்டுக்கொண்டால் என்ன என்று விடுதி நண்பர் ஒருவர் கேட்டார். நம் மேசைமேலிருக்கும் சாதாரண அச்சு இயந்திரங்களில் வெள்ளை மை கிடையாது. காகிதத்தின் வெண்மையையே அவை வெள்ளையாகக் காட்டுகின்றன. சிவப்புக் காவி பூசிய வேகன்மேல் அந்த வித்தை பலிக்காது. வெள்ளை மையில் அச்சிடும் இடத்தைத் தேடிப்பிடித்தாலும், அதில் வருவது எவருடைய எழுத்தாகவோ இருக்கும். இந்தத் தாளில் உள்ள 4-இன் மேல்முனை திறந்திருக்கும். 7-இன் கால் சற்று வளைந்திருக்கும். அவை பாகாலாவில் தகரத்தில் வெட்டப்பட்ட உருவங்கள்.

இனி, ஒட்டெழுத்து எவ்வாறு வேலை செய்கிறது என்று காண்போம்.

அடியில் தண்ணீரை உறிஞ்சும் காகிதம். அதன்மேல் பசை, பெரும்பாலும் டெக்ஸ்ட்ரின். மாவுச்சத்தைச் சூட்டாலும் அமிலத்தாலும் சிதைத்தால் கிடைப்பது அது; நாவால் ஈரமாக்கி ஒட்டிய பழைய தபால்தலைகளின் பின்னாலும் அந்த வகைப் பசை உண்டு. பசையின்மேல் மெல்லிய, நிறமற்ற வார்னிஷ் படலம். படலத்தின்மேல் எழுத்து. தாளை நனைத்தால் நீர் காகிதத்தின் வழியே பின்புறமாக ஏறிப் பசையைக் கரைக்கும். படலம் நீரில் கரையாது. எனவே எழுத்தைச் சுமந்தபடி நழுவும். அதனுடன் ஒட்டிவரும் கொஞ்சம் பசையே புதிய இடத்தில் அதைப் பிடித்துக்கொள்ளும். வேண்டிய பொழுது விடவும் வேண்டிய பொழுது பிடிக்கவும் ஒரே பசை போதும் என்பதுதான் இதன் சூட்சுமம்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்ததனாலேயே கெட்டது. எண்வரிசையில் 6, 7, 8 இருந்த ஒரு துண்டை வெட்டி, கிண்ணத்துத் தண்ணீரில் போட்டேன். ஒரு நிமிடம் கழித்துப் பார்க்கும்போது எழுத்துக்கள் காகிதத்தை விட்டிருந்தன. ஆனால் நொறுங்கிய அப்பளம்போலத் துண்டு துண்டாக மிதந்தன. குச்சியால் சேர்க்கப் போனேன், இன்னும் நொறுங்கின. ஐந்து எட்டுக்கள், நான்கு ஏழுக்கள், மூன்று ஆறுகள் அப்படிப் போயின. தாத்தா கிண்ணத்தை எட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

இந்த நொறுங்கலுக்குக் காரணம் யாது? வார்னிஷ் படலம் வளைந்து கொடுப்பதற்காக அதில் நெகிழ்வுப் பொருள் ஒன்று கலந்திருக்கும். பழைய செல்லுலாய்டு பொருள்களில் இவ்வேலையைச் செய்தது கற்பூரம். டப்பியைத் திறந்து வைத்தால் கற்பூரம் என்னாகும் என்று உங்களுக்குத் தெரியும். நெகிழ்வுப் பொருள்கள் எல்லாம் அவ்வளவு விரைவாகப் போய்விடுவதில்லை. ஆனால் முப்பது கோடைகளைத் தகரப் பெட்டிக்குள் கழித்த தாளிலிருந்து அவை கொஞ்சங்கொஞ்சமாக வெளியேறிவிட்டன. எஞ்சியது கண்ணாடிபோன்ற தோல். காகிதத்தோடு இருக்கும்வரை காகிதம் அதைத் தாங்கும். நீரில் தனித்து விடப்பட்டதும், நீரின் பரப்பு இழுவிசையே அதை இழுத்து உடைக்கப் போதுமானது.

பழைய தாளைத் தொடுபவர்கள் முதலில் செய்யவேண்டியது, தேவையற்ற மூலையில் உள்ள ஒரு குறியை வெட்டி அதை மட்டும் நனைத்துப் பார்ப்பது. கம்பெனி முத்திரையோ, ஓரத்துக் கோடோ, எதுவாகவும் இருக்கலாம். ஆய்வுக்கூடத்தில் நாம் தினந்தோறும் செய்யும் காரியம்தான். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்ததும் மறந்துவிட்டது.

உடைந்துபோகும் படலத்துக்குப் பரிகாரம், நனைப்பதற்கு முன்பே அதன்மேல் புதிய படலம் ஒன்றைப் போடுவது. எழுத்தின்மேல் நிறமற்ற லாக்கர் பூசினால், உடைந்த எழுத்துக்கும் அது பற்றுக்கோடாகும். இதற்கென்றே வெளிநாட்டில் திரவம் விற்கிறார்கள். நம் ஊரில் பெயிண்டுக் கடை லாக்கரே போதும். ஆனால் இங்கும் ஒரு பள்ளம் இருக்கிறது. அதிலும் நான் விழுந்தேன். தின்னர் கலந்த லாக்கரைப் பிரஷ்ஷால் ஓர் ஓரத்தில் தடவினேன். தின்னர் பழைய மையைக் கரைத்தது, 'எஸ்.ஆர்.' என்ற எழுத்துக்கள் பாலில் விழுந்த ஈபோல இழுபட்டன. நல்லவேளை, அது ஓரம்.

அதன்பின் டப்பாவில் வரும் அக்ரிலிக் தெளிபூச்சை வாங்கி, தாளிலிருந்து ஓர் அடி தள்ளி நின்று, பனி படிவதுபோல ஒரே வீச்சு மட்டும் அடித்தேன். கரைப்பான் தாளை அடையுமுன் பெரும்பகுதி ஆவியாகிவிடுகிறது. எனவே மை கலங்குவதில்லை. அரைமணி காய்ந்ததும் மற்றொரு வீச்சு. இப்படி நான்கு முறை. பின்பு ஒரு நாள் முழுவதும் காயவிட்டேன். ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். இப்போது தாள் முழுவதும் ஒரே படலமாகிவிட்டது. எனவே ஒவ்வோர் எழுத்தையும் அதன் விளிம்பை ஒட்டிப் புதுப் பிளேடால் வெட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் எழுத்தைச் சுற்றி ஒரு கண்ணாடிச் சட்டம் தெரியும். படலம் இருபது மைக்ரான் கனம் என்று வைத்துக்கொள்வோம். மயிரிழையைவிட மெல்லியதுதான். ஆனால் அறுபது மடங்கு பெருக்கினால் 1.2 மி.மீ. உண்மையான வேகனில் எழுத்து அவ்வளவு புடைத்து நின்றால் பெயிண்டருக்கு மெமோ கிடைத்திருக்கும்.

தாள் மஞ்சள் பாய்ந்திருந்தது இன்னொரு குறை. மாதிரி செய்பவர்களிடையே பழகிய வழி ஒன்று உண்டு. தாளை ஜன்னல் கண்ணாடியில் எழுத்து வெளிப்பக்கம் பார்க்க ஒட்டிச் சில நாள் வெயில் காட்டுவது. இருட்டில் மஞ்சளாகும் எண்ணெய் வார்னிஷ்கள் பல, ஒளியில் வெளுக்கும். எங்கள் ஊர் வெயில் எதற்கெல்லாமோ வசைவாங்குவது. இதற்கு அது உதவிற்று. ஐந்தாம் நாள் எழுத்து வெண்மையாயிற்று என்று சொல்ல மாட்டேன். தயிர் நிறத்துக்கு வந்தது.

அடுத்தது வேகன். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். அவர்கள் பழியைப் பசையின்மேல் போடுவார்கள், பசை குற்றமற்றது.

கூட்ஸ் வேகன் பளபளப்பாக இருக்காது. ஆகவே மாதிரிக்கும் மங்கலான மாட் பெயிண்டு பூசி, அதன்மேல் எழுத்தை ஒட்டுகிறோம். காய்ந்ததும் எழுத்தைச் சுற்றி வெள்ளி ரேகைபோல் ஒரு பாசி தெரியும். எவ்வளவு அழுத்தினாலும் போகாது. மாட் பெயிண்டு மங்கலாக இருப்பதே அதன் பரப்பு கரடுமுரடாக இருப்பதால்தான். அந்த மேடுகளின்மேல் படலம் பந்தல்போல் நிற்கிறது. பள்ளங்களில் காற்று அகப்பட்டுக்கொள்கிறது. படலத்தின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5, காற்றினுடையது 1. இந்த இரண்டும் சந்திக்கும் ஒவ்வோர் எல்லையிலும் நேராக விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கு திரும்பும். படலத்திலிருந்து காற்று, காற்றிலிருந்து பெயிண்டு என இரண்டு எல்லைகள். எனவே ஏறத்தாழ எட்டுப் பங்கு. கருஞ்சிவப்புப் பின்னணியில் இது வெள்ளியாகத் தெரியாமல் என்ன செய்யும்?

பஜ்ஜி கட்டிய காகிதத்தை நினைத்துப் பாருங்கள். எண்ணெய் பட்ட இடம் மட்டும் ஒளி ஊடுருவும். காகித நார்களுக்கு இடையிலிருந்த காற்றை எண்ணெய் வெளியேற்றிவிட்டது. நாருக்கும் எண்ணெய்க்கும் ஒளிவிலகல் எண் கிட்டத்தட்ட ஒன்றே. எனவே ஒளி எங்கும் தடுக்கி விழாமல் நேரே போய்விடுகிறது. ஒட்டெழுத்திலும் நாம் செய்யவேண்டியது இதுவே. படலத்துக்கும் பெயிண்டுக்கும் இடையே காற்று இருக்கக்கூடாது. அதற்காக முதலில் வேகனின்மேல் பளபளக்கும் தெளிபூச்சு ஒன்றைப் போட்டு, பரப்பைக் கண்ணாடிபோல் சமமாக்க வேண்டும். அதன்மேல் எழுத்தை ஒட்ட வேண்டும். கடைசியில் எல்லாவற்றின்மேலும் மாட் பூச்சு அடித்தால் பளபளப்பு மறைந்துவிடும். மங்கலாக முடியவேண்டிய ஒன்றை முதலில் பளபளப்பாக்குவது முட்டாள்தனம்போல் தோன்றும். தாத்தாவும் அப்படித்தான் நினைத்தார். "கூட்ஸ் வண்டிய பிளிமத் காராட்டம் ஆக்கிட்டியே" என்றார். பஜ்ஜிக் காகிதத்தைக் காட்டியபின் சமாதானமானார்.

ஒட்டும்போது தாளைக் கிண்ணத்தில் மிதக்கவிடக் கூடாது. பசை முழுவதும் கரைந்து ஓடிவிடும். பழைய பசையில் மிச்சமிருப்பதே கொஞ்சம். தட்டில் ஈரத் துணியை விரித்து, வெதுவெதுப்பான நீர் ஊற்றி, அதன்மேல் துண்டை எழுத்து மேலே பார்க்க வைத்தேன். புதுத் தாளுக்கு அரை நிமிடம் போதும். இதற்கு நான்கு நிமிடம் ஆயிற்று. விரலால் தள்ளிப் பார்க்க எழுத்து அசைந்தால் பதம் வந்துவிட்டது. வேகனின்மேல், எழுத்து அமரவேண்டிய இடத்தில், பாதி நீர் கலந்த வெள்ளை வினிகரை ஒரு சொட்டுத் தடவ வேண்டும். தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டன். அசெட்டிக் அமிலம் கலந்தால் அது குறைகிறது. எனவே நீர் முத்தாகத் திரளாமல் பரவி, பள்ளங்களில் புகுந்து, காற்றை வெளியே தள்ளும். படலமும் சற்று இளகும். பசை மிகவும் இறந்துபோயிருந்தால், மரத்தச்சர்கள் உபயோகிக்கும் வெள்ளைக் கோந்தில் ஒரு துளியை நிறைய நீரில் கரைத்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

பிரஷ்ஷின் நுனியால் எழுத்தை இடத்துக்கு நகர்த்தி, ஈரத்தைத் துணியின் மூலையால் உறிஞ்சிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். கடினமான பகுதி இதுதான். சற்றுக் கோணலாகத் தெரிகிறதே என்று காயும் நேரத்தில் தொட்டவர்கள் எழுத்தை இழப்பார்கள். தாத்தாவின் வேகன்களில் பலகைக்குப் பலகை கோடு உண்டு. அக்கோட்டின்மேல் படலம் பாலம்போல் நின்றது. காய்ந்தபின் பிளேடு நுனியால் கோட்டின் வழியே கீறி, வினிகரை மீண்டும் தொட்டுவைத்தேன். படலம் பள்ளத்தில் படிந்தது. குமிழி இருந்த இடங்களில் ஊசியால் குத்தினேன்.

தேய்த்து ஒட்டும் எழுத்து என்று மற்றொரு வகை உண்டு. 1960-களின் தொடக்கத்தில் லண்டனில் லெட்ராசெட் கம்பெனியார் பிரபலமாக்கியது. நம் பொறியியல் கல்லூரிகளிலும் விளம்பர ஓவியர்களிடத்திலும் கம்ப்யூட்டர் வரும்வரை அது வாழ்ந்தது. அதன் பழைய தாள் கிடைத்தால், அதில் உள்ள பசை உலர்ந்து எழுத்து விரிசல் விடும். அதை நேரே வேகனில் தேய்க்காமல், வெற்று ஒட்டெழுத்துத் தாளின் படலத்தின்மேல் தேய்த்து, பின் நீரில் நழுவவிடுவது நல்ல உபாயம். கோணலாக விழுந்தால் அந்தத் துண்டை எறிந்துவிடலாம், வேகன் தப்பும்.

ஒரு வேகனுக்கு இரண்டு மாலைகள் ஆயின. எந்த எண்ணை எதில் ஒட்டுவது என்பதற்குத் தாத்தாவிடம் ஒரு நோட்டு இருந்தது. பாகாலாவில் தாம் எழுத்துப் போட்ட வேகன்களின் எண்களை எழுதி வைத்திருந்தார். எதற்காக எழுதினீர்கள் என்று கேட்டேன். மழையில் பெயிண்டு வழிந்துவிட்டால், முன்பு என்ன எண் இருந்தது என்று பார்ப்பதற்காம்.

நான்கு வேகன்கள் குறைவின்றி முடிந்தன. ஐந்தாவதில் ஆறுகள் போதவில்லை; மிச்சமிருந்த ஒன்பதில் ஒன்றைத் தலைகீழாக்கினேன். ஆறாவதற்கு ஓர் ஏழு குறைந்தது. 1-ஐயும் உடைந்த 7-இன் தலையையும் சேர்த்து ஒட்டினேன். தாத்தா பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "இந்த ஏழுக்கு முடக்குவாதம்" என்றார். ஆனால் ஏற்றுக்கொண்டார்.

ஏழாவது வேகனின் எண்ணில் மூன்று எட்டுக்கள் இருந்தன. தாளில் ஓர் எட்டுக்கூட இல்லை. எல்லாம் முதல் நாள் கிண்ணத்தில் போனவை. இரண்டு சிறு பூச்சியங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கலாமா என்று பார்த்தேன், அளவு ஒத்துவரவில்லை. நோட்டில் எட்டு இல்லாத வேறு எண் ஒன்றை எடுத்து ஒட்டிவிடலாமே என்றேன்.

"அது வேற வண்டிப்பா" என்றார்.

அவ்வேகனுக்கு 'எஸ்.ஆர்.' என்ற எழுத்தையும், காலி எடையையும், பாரத்தையும் மட்டும் ஒட்டினேன். எண் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. மாட் பூச்சு அடிக்க வெளியே எடுத்துப்போகும் சமயம் தாத்தா அதைக் கேட்டு வாங்கி, மடியில் வைத்துக்கொண்டார். என் ஆய்வுக்கூடப் பெட்டியிலிருந்து, கண்ணாடிக் குடுவைகளின்மேல் குறியிடும் வெள்ளைப் பென்சிலை எடுத்தார். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எண்ணை எழுதினார். எட்டுக்கள் மூன்றும் மூன்று விதமாக வந்தன. யார்டில் எண் அழிந்த வேகன் வந்தால் முதலில் சாக்பீசால் எழுதி அனுப்பிவிடுவார்களாம், ஸ்டென்சில் பிறகு.

மற்ற ஆறையும் வாசலில் நிறுத்தி மாட் பூச்சு அடித்தேன். பளபளப்பு மறைந்து, எழுத்து பெயிண்டிலேயே பிறந்ததுபோல் அடங்கியது. ஏழாவதற்கும் அடிக்கட்டுமா, இல்லாவிட்டால் பென்சில் அழிந்துவிடுமே என்று கேட்டேன்.

"சாக்பீஸ் மேல யாருப்பா வார்னிஷ் அடிப்பாங்க? பெயிண்டர் வர்ற வரைக்கும்தான் அது."